மேலிருந்து இறங்கிய ஊசி

மடவார் வளாகம் கிராமத்தில் கார்த்திகை மழை அன்று காலையில்தான் வெறித்திருந்தது. அடுத்த மழைக்குள் கூரையை மேய்ந்துவிட வேண்டும். தொட்டிலில் கிடந்த பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டியிருந்தது. இன்னொரு ராத்திரி நனைந்தால் தாங்காது.

கூலிக்கு மேய வந்த தவசிமுத்து கூரைமேல் ஏறி, பனையோலையைப் பரப்பி, கயிறு கோத்த மூங்கில் ஊசியை உள்ளே குத்தி இறக்குவார். "வாங்கு தாயி" என்பார். உள்ளே நிற்கும் வேலுத்தாய் அதை வாங்கி, கூரையின் வரிச்சுக் கம்பைச் சுற்றித் திரும்ப மேலே கொடுப்பாள். போன வருஷம் வரை மேலே இருந்தது அவள் புருஷன் தனுஷ்கோடி. அவர் வாய் பேசமாட்டார். கயிறு இறுகியதும் இரண்டு தடவை சுண்டுவார், அவ்வளவுதான். ஆடியில் பேதி கண்டு செத்துப்போனார்.

மேற்கே மலை மறைந்து இருட்டிக்கொண்டு வந்தது. ஊசி வேகவேகமாக இறங்கியது. தவசிமுத்துவின் குரலைக் காணோம். மழைக்குப் பயந்து விரசாக மேய்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். அப்போது கயிறு இரண்டு தடவை சுண்டியது. அவள் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

வாசலில் நிழல் தட்டியது. தவசிமுத்து தோளில் புதுக் கயிற்றுச் சுருளோடு நின்றார்.

"கயிறு தீந்துபோச்சுன்னு அப்பவே எறங்கிப் போனேனே, தாயி." அவர் அண்ணாந்து பார்த்தார். "இம்புட்டையும் யாரு மேஞ்சா?"

மழை விழத் தொடங்கியது. ஊசி மறுபடியும் இறங்கி வந்து, அவள் முகத்துக்கு நேராக நின்றது. தொட்டிலுக்கு மேலே இன்னும் ஒரு சாண் வானம் தெரிந்தது.

அவள் ஊசியை வாங்கி மேலே கொடுத்தாள்.