பார்வையாளரை வரவழைக்கும் கூட்டம்

மயில் நடத்திய ஓவியக்கூடத்துக்கு யாருமே வருவதில்லை. இந்த மாதமும் இப்படியே போனால் கூடத்தை வௌவால்களுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சிங்கராஜா சொல்லிவிட்டார். பதறிய மயில், ஆலோசனை சொல்வதில் பேர்போன கொக்கை அழைத்து, கூடத்திலேயே கூட்டம் போட்டது.

"பார்வையாளர்களை எப்படி உள்ளே வரவைக்கிறது?" என்று கேட்டது.

இருவரும் தீவிரமாகப் பேசிக்கொண்டிருக்கையில் ஒரு கழுதை உள்ளே வந்து, சாம்பல்நிற ஓவியம் ஒன்றின் முன் நின்றது.

"ஏங்க, இது மழைதானே? பார்த்தாலே முதுகு சிலிர்க்குதுங்க."

"ஷ்! முக்கியமான கூட்டம் நடக்குது. அப்புறம் வா," என்று சீறியது கொக்கு.

கழுதை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியேறியது. மயில் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டு வந்தது.

"எங்கே விட்டோம்?"

"ஜனங்களுக்கு ரசனையே கிடையாதுங்கிற இடத்துல," என்றது கொக்கு.