கரடிக்கு ஒரு வாய்

"முகம் முழுக்க மூடணும்க்கா. கண்ணுக்கு மட்டும் வலை வெச்சாப் போதும்."

தம்பி உட்காரவே இல்லை. தையல் மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"பழைய கம்பளிடா இது. வாய்கிட்ட ஓட்டை விடுறேன், இல்லேன்னா உள்ள வெந்துருவ."

"வேணாம். யாருக்கும் அடையாளம் தெரியக் கூடாது."

அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஓட்டை விட்டே தைத்தாள்.

பிறந்தநாள் விருந்தில் ஆளாளுக்கு ஒரு விலங்கு வேஷம். பெரியவர்களும் தப்பவில்லை. கரடி குட்டிக்கரணம் போட்டது. பிறந்தநாள் குழந்தை அதன் கையை விடவே இல்லை.

குழந்தையின் அம்மா நேராகக் கரடியிடம் வந்தாள். கரடி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டது. விவாகரத்துக்குப் பிறகு மகளின் பிறந்தநாளுக்கு அவனை யாரும் அழைத்ததில்லை.

அவள் ஜூஸை நீட்டினாள், ஸ்ட்ராவோடு.

"குடிங்க. உங்க அக்காகிட்ட ஓட்டை விடச் சொன்னதே நான்தான்."