முதுகில் பட்ட வெயில்

"ஒரு போட்டோகூட உருப்படியா எடுக்கத் தெரியாதாப்பா உங்களுக்கு?"

டாக்டர் எதிரிலேயே மகள் கேட்டுவிட்டாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மா பதினெட்டு வருடமாக அழகு நிலையத்தில் மற்றவர்கள் தலைக்குச் சாயம் பூசியவள். விரல்கள் வெடிக்க ஆரம்பித்தபோது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பார்க்க முதுகில் பத்து மருந்துப் பட்டைகளை ஒட்டி அனுப்பினார்கள். பட்டைகளை எடுத்த பிறகு, நான்காம் நாள் படம் எடுத்து அனுப்பினால் போதும், அவ்வளவு தூரம் வர வேண்டாம் என்றார்கள். அப்பாவின் போனில் கேமரா செத்துப் பல நாளாகிறது. மகளின் போனை வாங்கித்தான் எடுத்தார்.

எதுவும் தடிக்கவில்லை, வேலைக்குப் போகலாம் என்று பதில் வந்தது.

போனாள். மூன்று மாதத்தில் சீப்பைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

மறுபடி பட்டை ஒட்டி, இன்று நேரில் பார்த்த டாக்டர் முதுகை விரலால் தடவினார். ஏழாவது இடத்தில் விரல் நின்றது. சாயம்.

"கறுத்த தோல்ல சிவப்பு சரியாத் தெரியாது. தடிப்பைத்தான் பார்க்கணும். உங்க படத்துல அது இல்லவே இல்லை. வெளிச்சம் பத்தலையோ என்னவோ."

இனிச் சாயத்தைத் தொடாவிட்டாலும் கைப்புண் முழுக்க ஆறுவது சந்தேகம்தான் என்றார்.

"விடுடி, இனிமே பாத்திரம் தேய்க்கிறது உங்கப்பா பாடு" என்றாள் அம்மா. யாரும் சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் மகள் மறுபடி பிடித்துக்கொண்டாள். "ஜன்னலைத் திறந்துவெச்சு எடுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேப்பா."

"மூடிட்டு எடுத்துட்டேம்மா. என் தப்புதான்."

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

பரு நிறைந்த கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, மகள் மருந்துச் சீட்டோடு போனாள். டாக்டரிடம் பழைய படத்தைக் காட்ட வாங்கிய அவளுடைய போன் இன்னும் அப்பாவின் கையில்தான் இருந்தது.

"என்னங்க, அன்னிக்கு ஜன்னல் திறந்துதானே இருந்தது? முதுகுல வெயில் சுட்டுச்சே. எதுக்குப் பொய்?"

அவர் போனை அவள் பக்கம் திருப்பினார். அவளுடைய முதுகு, மெழுகு பூசியதுபோல வழவழவென்று இருந்தது.

"இந்த போன் பண்ற வேலையை இப்பத்தான் கவனிச்சேன். அவளுக்குத் தெரிய வேண்டாம்."

விரலால் தள்ளினார். அடுத்த படத்தில் மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு பருகூட இல்லை.