எறும்புக்கடி

கயிற்றைத் தொட்ட புவனேஸ்வரன் "அம்மாடி!" என்று அலறிக்கொண்டு பின்னால் துள்ளினார்.

காமினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்ததில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"என்னங்க நீங்க! சும்மா சுளீர்னு ஒண்ணு, அவ்ளோதான்லா. எறும்பு கடிச்ச மாதிரி."

அவர் விரலை உதறியபடி கயிற்றையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கொட்டகைப் பக்கம் திரும்பினார். அங்கே செவலைப் பசு வயிறு தொங்க நின்றுகொண்டிருந்தது. ஏழு மாதச் சினை.

காமினிக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை.

தாசேக் கெலுகோரில் மாமனார் விட்டுப்போன நிலத்தை நாலு துண்டாகப் பிரிக்க வேண்டும், ஒன்றில் மாடுகள் மேயும்போது மற்ற மூன்றிலும் புல் வளர வேண்டும் என்று இரண்டு மாதமாக ஒற்றைக் காலில் நின்றவள் அவள்தான். யூடியூபே கதி என்று கிடந்து கற்றுக்கொண்டாள். முளைகளை அவளே அடித்தாள். கம்பி இழை ஓடும் வெள்ளைக் கயிற்றை அவளே இழுத்துக் கட்டினாள். கொட்டகைச் சுவரில் கரண்டுப் பெட்டியை மாட்டி, அதற்குச் சந்தனப் பொட்டும் வைத்துவிட்டாள்.

இந்த மின்வேலி வேலை செய்தால் மாடுகள் இங்கே இருக்கும். செய்யாவிட்டால் லாரியில் ஏறிப் போய்விடும்.

பக்கத்து நிலத்துக்காரர் அஸ்லான் நல்ல மனிதர்தான். ஆனால் அவர் எண்ணெய்க்காக நட்டிருந்த செம்பனைக் கன்றுகளைச் செவலை மூன்று முறை மொட்டையடித்துவிட்டது. அதற்குப் பிறகும் பொறுமையாக இருக்க அவர் என்ன சாமியாரா? இன்னொரு முறை நடந்தால் எல்லா மாட்டையும் விற்றுவிடுவதாகக் காமினியே வாக்குக் கொடுத்திருந்தாள். எல்லாம் அவள் கன்றிலிருந்து வளர்த்தவை. வாக்குக் கொடுத்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் மாடுகளை வேலிக்குள் விடுவதாகவும் அஸ்லான் வந்து பார்ப்பதாகவும் ஏற்பாடு.

"சுவிட்ச மட்டும் அடைச்சிராதீங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் முளை வாங்கக் காமினி மோட்டார் சைக்கிளில் பட்டர்வொர்த்துக்குப் போய் வந்தாள். அவள் திரும்பியபோது புவனேஸ்வரன் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தார். மத்தியானத்தில் குளிக்கிற ஆள் இல்லை அவர். அதையெல்லாம் யோசிக்க அவளுக்கு ஏது நேரம்?

அஸ்லான் வந்தார். எல்லைக்கு அந்தப் பக்கம், தன் கன்றுகளுக்கு முன்னால், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

காமினி கொட்டகைப் படலைத் திறந்தாள்.

மற்ற மாடுகள் புல்லுக்குள் இறங்கி ஆங்காங்கே நின்றன. செவலை மட்டும் நேராகக் கயிற்றை நோக்கி நடந்தது. அந்தப் பக்கம் செம்பனை. பழைய ருசி சும்மா விடுமா?

காமினி திறந்த படலை விடாமல் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

செவலை மூக்கை நீட்டியது. அந்த ஈர மூக்கு கயிற்றில் பட்டதை அவள் கண்ணால் பார்த்தாள்.

அது துள்ளவில்லை. கத்தவில்லை. பெருமூச்சு ஒன்றை விட்டுத் திரும்பி, புல்லுக்கு நடுவே மடங்கிப் படுத்து அசைபோட ஆரம்பித்தது.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று காமினி சின்னப் பிள்ளை மாதிரி குதித்தாள்.

அஸ்லான் கட்டைவிரலைத் தூக்கி, "பாகுஸ், கக், பாகுஸ்!" என்று மலாயில் அக்காவை மெச்சினார். தனக்கும் இதே போல ஒன்று கட்டித் தர முடியுமா என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்பினார்.

காமினிக்குச் சந்தோஷம் தாளவில்லை. கரண்டுப் பெட்டிக்கு ஒரு கற்பூரம் காட்டிவிடலாம் என்று கொட்டகைக்குள் ஓடினாள்.

பெட்டியில் விளக்கு எரியவில்லை. டிக் டிக் சத்தமும் இல்லை. யாரோ சுவிட்சை அணைத்திருந்தார்கள்.

தீவனத் தொட்டியில் அறுத்துப் போட்ட பச்சைப் புல், தின்றது போக மிச்சம் கிடந்தது. பக்கத்தில் சாறு காயாத அரிவாள். புதுப் புல்லில் விட்ட மாடு ஏன் படுத்து அசைபோட்டது என்று இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

புவனேஸ்வரன் வாசலில் வந்து நின்றார்.

"வயித்துல கன்னுக்குட்டிலா, காமினி. எனக்கே அந்த அடி அடிச்சிச்சு. மனசு வரல."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அஸ்லான் நம்பிப் போயிருக்கிறார். நாளைக்கும் செவலைக்குப் பசிக்கும். தினமும் இவர் புல் அறுத்துக் கொட்டி வேலியைக் காப்பாற்றுவாரா?

"சுவிட்சப் போடுங்க. நானே தொட்டுக் காட்டுறேன்."

வேலிக்குப் போய், செவலைக்கு நேர் எதிரே நின்றாள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கையை நீட்டினாள். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது.

இரண்டு மாதமாக எல்லாரிடமும் எறும்புக்கடி, எறும்புக்கடி என்று சொல்லிக்கொண்டிருந்தவள், கரண்டு ஓடும் கயிற்றை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை.

கண்ணை மூடிக்கொண்டு தொட்டாள்.

"ஐயோ அம்மா!"

புல்லில் மல்லாந்து விழாத குறை. கொட்டகை வாசலில் புவனேஸ்வரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

செவலை அசைபோடுவதை நிறுத்தியது. தலையைத் தூக்கிக் காமினியைப் பார்த்தது. கயிற்றைப் பார்த்தது. மறுபடியும் காமினியைப் பார்த்தது.

பிறகு மெல்ல எழுந்து, கயிற்றை விட்டுத் தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டது.