முன் கவுன்ட்டர்

"அதைக் கீழே வைம்மா. உனக்கு அது வேண்டாம்" என்றார் முதலாளி.

கையும் களவுமாகப் பிடிபட்டவளைப் போல அவள் விழித்தாள். கையில் இருந்தது ஒரு முகப்பரு க்ரீம். திருடவெல்லாம் இல்லை, பெட்டியின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். ஆனாலும் காது வரைக்கும் சூடேறிவிட்டது. மருந்துக் கடையில் வேலை பார்க்கிற பெண் மருந்து வாங்குவதில் என்ன வெட்கம் என்று கேட்கலாம். முகம் நிறையப் பருவை வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பருவுக்கே மருந்து விற்றுப் பார்த்தால் தெரியும்.

"இல்ல சார், அடுத்த மாசம் அக்கா கல்யாணம். இது கேக்குமா, வாங்கலாமான்னு பாத்தேன்."

"காசு குடுத்து வாங்குற சரக்கா இது? தோல் வறண்டு உரிஞ்சு போகும். போடறதை நிறுத்தினா பழையபடி வந்து நிக்கும். பெட்டியில ஆயிரம் எழுதுவான், அதையெல்லாம் நம்புவியா?"

காலையில்தான் ஒரு கல்லூரி மாணவியிடம் இதே க்ரீமை, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று அடித்துச் சொல்லி விற்றிருந்தார். அது அவளுக்கு உறுத்தவில்லை. வெளியாளுக்கு வியாபாரப் பேச்சு, வீட்டு ஆளுக்கு உண்மை. தன்னை வீட்டு ஆளாக நினைக்கிறாரே என்று மனசு குளிர்ந்தது.

சொந்த வீட்டில் அந்தக் கொடுப்பினை இல்லை. அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் புள்ளிமான். வருகிற அத்தை, சித்தியெல்லாம் காபி குடித்து முடிப்பதற்குள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிவிட்டுப் போவார்கள். போன வாரம் அம்மா அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, "கல்யாணத்துல போட்டோ எடுக்கும்போது நீ கொஞ்சம் பின்னாடி நின்னுக்கோடி" என்றாள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, கழுவிக்கொண்டிருந்த பாத்திரத்தைப் பார்த்துச் சொன்னாள். பெற்ற தாய்க்கே தன் முகம் வெட்கமாக இருக்கிறது என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து வீட்டில் கண்ணாடிப் பக்கமே போவதில்லை.

வேலை தேடிப் போன இடங்களிலும் அதே கதைதான். துணிக்கடையில் அவளைக் கிடங்குக்கு அனுப்பினார்கள். நகைக்கடையில் அப்புறம் சொல்லி அனுப்புகிறோம் என்றவர்கள் இன்னும் சொல்லி அனுப்பவில்லை. இங்கே முதல் நாள் மாஸ்க் போட்டுக்கொண்டு வந்து நின்றவளிடம் முதலாளி சொன்னது இதுதான்: "கழட்டும்மா. முகத்தை மறைச்சுக்கிற அளவுக்கு நீ என்ன தப்பு பண்ணிட்டே?"

சொன்னதோடு நிற்கவில்லை. வாசலுக்கு நேராக, சோப்பும் பவுடரும் க்ரீமும் அடுக்கியிருந்த முன் கவுன்ட்டரில் அவளைக் கொண்டுபோய் நிறுத்தினார். அன்றைக்கு அவள் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாள். சந்தோஷமாகத்தான் அழுதாள்.

ஆனால் முன்னால் நிற்பது லேசாக இல்லை. ஷாம்பு வாங்க வருகிற பெண்கள்கூட அவள் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தங்கள் கன்னத்தைத் தடவிக்கொள்வார்கள். அப்புறம் தணிந்த குரலில், பருவுக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்பார்கள். அவள் குனிந்த தலை நிமிராமல் எடுத்துக் கொடுப்பாள். முதலாளி கல்லாவிலிருந்தே, "ஆரம்பத்துலயே பாத்துக்கணும்மா, முத்த விட்டா..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிடுவார். தன் மனசு நோகக் கூடாதென்றுதான் நிறுத்துகிறார் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

"சரி சார், வேண்டாம்" என்று க்ரீமை இருந்த இடத்தில் வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து, அதே க்ரீம் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி தோள்பையோடு உள்ளே வந்தான். வாயெல்லாம் பல். இந்த வட்டாரத்திலேயே இந்தக் கடையில்தான் க்ரீம் அதிகம் போகிறதாம், மேனேஜர் நேரில் பார்த்து நன்றி சொல்லிவிட்டு வரச் சொன்னாராம். முதலாளி எல்லாம் கைராசி என்று சிரித்துக்கொண்டார்.

பேச்சோடு பேச்சாகத் திரும்பியவன் அவளைப் பார்த்தான். சட்டென்று பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். பிறகு என்ன நினைத்தானோ, பையிலிருந்து இரண்டு ட்யூப்களை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"என் தங்கச்சிக்கும் இப்படித்தாங்க இருந்துச்சு. காசெல்லாம் வேண்டாம், ஒரு மாசம் விடாம போட்டுப் பாருங்க."

அவளுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. தெரியாத ஆள்கூடத் தன் முகத்தைப் பார்த்து இரக்கப்படுகிறான். ஆனாலும் அக்கா கல்யாணம் கண்முன்னால் வந்தது. கை தானாக நீண்டது.

அது எட்டுவதற்குள் முதலாளி வந்து ட்யூப்களை வாங்கிக்கொண்டார். "இவளுக்கு இதெல்லாம் வேண்டாம் தம்பி."

அவன் ஒன்றும் புரியாமல் விழித்தான். அவளுக்கு அந்த நிமிஷம் வெட்கமெல்லாம் எங்கோ போய்விட்டது. இந்த முகத்தை இப்படியே ஏற்றுக்கொள்ள ஒரு மனிதர் இருக்கிறார். வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவள் தலையை நிமிர்த்தி நின்றாள்.

முதலாளி அவன் தோளில் கை போட்டுக் கல்லாப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். மெதுவாகத்தான் பேசினார். கடைதான் சின்னது.

"நல்லா கேக்குற மருந்து தம்பி, அதனாலதான் வேண்டாங்கறேன். அவ முகம் தெளிஞ்சிட்டா, அப்புறம் யாரைப் பாத்துப் பயந்து இதை வாங்குவாங்க?"