எக்களிப்பு வேணாம்ணே

"இது மூணாவது புரூஃப். இன்னும் ஒரு எழுத்து மாத்தச் சொன்னீங்க, மிஷினை நிறுத்திட்டு நான் வீட்டுக்குப் போயிருவேன்" என்றார் அச்சகம் அப்துல் வஹாப்.

ரெத்தினத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூத்தாநல்லூர் வட்டாரத்தில் கட்சிக் கூட்டம் எதுவானாலும் நோட்டீஸ் வாசகம் அவருடையதுதான். அதில் கை வைப்பது யார்? கைநாட்டுப் பக்கிரி!

யாருக்காக இந்தக் கூட்டமே? இருபது வருஷமாக ஆறு மா நிலத்தைக் குத்தகைக்கு உழுதவன் பக்கிரி. "அவன் குத்தகைக்காரனே இல்லை, கூலிக்கு வந்த ஆள்" என்று அடித்துச் சொன்னார் மிராசுதார் பஞ்சநதம். புதுச் சட்டப்படி தாசில்தார் விசாரித்து, போன வாரம் பக்கிரி பேரிலேயே குத்தகையைப் பதிந்துவிட்டார். அதற்குத்தான் வெற்றி விழா. மேடை, மிராசுதார் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே.

"இப்ப எந்த வார்த்தைய்யா உறுத்துது?" என்று பக்கத்தில் நின்ற பக்கிரியிடம் சீறினார்.

"'எக்களிப்போடு திரண்டு வாரீர்'னு போட்டிருக்காமே. எக்களிப்புன்னா என்னண்ணே?"

கோபத்திலும் ரெத்தினத்துக்குக் கொஞ்சம் குளிர்ந்தது. வார்த்தைக்கு அர்த்தம் கேட்டால் அவர் சோற்றைக்கூட மறந்துவிடுவார்.

"மகிழ்ச்சிங்கிறது புள்ள பொறந்தா வர்றது. களிப்புங்கிறது திருவிழாவில ஆடுறது. எக்களிப்பு அப்படியில்ல. எதிரி மண்ணைக் கவ்வினப்புறம் அவன் கண்ணு முன்னாடியே நெஞ்சை நிமித்திக் கொக்கரிக்கிறோம் பாரு, அது!"

"அப்ப தோத்தவரு எதிர்ல நின்னு பாக்கணும்?"

"பாக்கணும். வயிறு எரியணும்!"

"அப்ப வேணாம்ணே. மேடையையும் குளத்தங்கரைக்கு மாத்திடுங்க."

ரெத்தினம் தலையில் அடித்துக்கொண்டார்.

"சட்டம் போட்டாச்சு. ஆட்சியும் நம்ம ஆட்சி. ஜெயிச்சும் குடுத்தாச்சு. இன்னும் உன் இடுப்புத் துண்டு தோளுக்கு ஏற மாட்டேங்குதே! இப்படிப் பயந்து செத்தா உங்களையெல்லாம் எவன்யா நிமித்த முடியும்?"

பக்கிரி தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிந்த தலைதான் ரெத்தினத்துக்கு ஆகவே ஆகாது.

"வஹாபு, ஒரு எழுத்து மாத்தாதீங்க. ஆயிரம் காப்பி ஓட்டுங்க. முதல் நோட்டீஸை அந்தாளு கதவுல நானே ஒட்டுறேன்."

வஹாப் உள்ளே போனதுதான் தாமதம், பக்கிரி சட்டென்று ரெத்தினத்தின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, இது உங்களோட இருக்கட்டும். விசாரணையில ஒரு கடுதாசி காட்டினோமே..."

"ஆமா. 'குத்தகைக்காரன் பக்கிரியிடம் சொல்லவும்'னு காரியஸ்தருக்கு அந்தாளே கைப்பட எழுதினது. அதுலதானே மாட்டுனாரு! நம்ம வக்கீல் எமகாதகன், எங்கேயோ தேடிப் புடிச்சிட்டாரு."

"வக்கீல் கையில குடுத்தது நான்தாண்ணே. காரியஸ்தர் செத்தப்புறம் அந்தக் காயிதமெல்லாம் மிராசுதார் வீட்டு பீரோவுல இருந்துச்சு. எவன் எடுத்தான்னு ஒரு வாரமா வேலைக்காரங்களைப் போட்டு உருட்டிக்கிட்டிருக்காரு. இன்னும் அவருக்குத் தெரியல."

"யாருய்யா எடுத்தது?"

பக்கிரி உள்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"அவரு சம்சாரம்ணே. மங்களாம்பிகை அம்மா. நாம எக்களிச்சு முடிச்சிட்டு அவங்கவங்க வீட்டுக்குப் போயிருவோம். அவங்க அந்த வீட்டுக்குள்ளதானே இருக்கணும்?"