டார்லீன் அடுக்கிய குறைகள்

"பையன் தயாரான்னு என்னைக் கேட்டா, இல்லைன்னுதான் சொல்லுவேன். எழுதிக்குங்க" என்றாள் டார்லீன்.

ஓரெஸ்ட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டார்லீன் வாயிலிருந்தா இப்படி ஒரு பேச்சு?

ஐஸ் ஹாக்கி ஆடும் பையன்களில் எது காய், எது பழம் என்று பார்த்துச் சொல்வதுதான் அவர் வேலை. இருபத்திரண்டு வருஷமாக ஒரு பெரிய கிளப்புக்காகக் கனடாவின் சஸ்காட்ச்வான் மாநிலம் முழுக்கக் காரில் சுற்றுகிறார். ஊர்விட்டு ஊர் வந்து ஆடும் பையன்களை உள்ளூரில் யாராவது வீட்டோடு வைத்துக்கொள்வார்கள். முடிவு எழுதுவதற்கு முன்னால் அந்த வீட்டுக்கு ஒரு நடை போய்விடுவார். ஆட்டத்தை ஐஸில் பார்க்கலாம், ஆளை அடுப்படியில்தான் பார்க்கமுடியும் என்பது அவர் கட்சி.

டார்லீன் வீட்டில் இதுவரை ஏழு பையன்கள் தங்கிப் போயிருக்கிறார்கள். ஒருத்தன் அவள் சமையலறையையே கொளுத்தப் பார்த்தவன். அவனைக்கூடத் தங்கக்கம்பி என்றுதான் அவரிடம் சொன்னாள்.

எட்டாவது ஆள் கோல்பி. பத்தொன்பது வயசு, ஆட்டத்தில் சூரப்புலி. நாளைக் காலையில் ஒப்பந்தத்தில் கையெழுத்து. திங்கட்கிழமையிலிருந்து மலை மலையான ஆட்களோடு மோத வேண்டும். ஓரெஸ்ட் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"அப்படி என்னதான் பண்றான்?" என்று கேட்டார்.

அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி ஆரம்பித்தாள்.

மூன்று வாரமாக மூன்று தரம் எழுப்பினால்தான் எழுந்திருக்கிறானாம். பட்டப்பகலில் திரையை இழுத்து மூடிக்கொண்டு படுக்கிறானாம். இதோ, மணி இரண்டு, இப்போதும் மேலே தூங்குகிறான். கரண்டி கீழே விழுந்தால் எரிந்து விழுகிறான். ஒரு உட்காரலில் முப்பது பெரோகி உள்ளே தள்ளுகிறவன், மூன்று வாரமாகத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் போகிறான். அந்த உருளைக்கிழங்குக் கொழுக்கட்டைக்காகத்தான் இந்த ஊருக்கே வந்தேன் என்று சொன்ன பிள்ளை.

"அதைவிட இன்னொண்ணு. மைனஸ் முப்பது டிகிரி குளிர். இன்ஜின் உறையாம இருக்க ராத்திரி காரைக் கரண்ட் ஒயர்ல மாட்டணும், மாட்டாம வந்து படுத்துட்டான். ஒரு நாள் இல்ல, நாலு நாள். காலையில இன்ஜின் கல்லு மாதிரி கெடக்கு. பொறந்ததுலேருந்து இந்த மாதிரி குளிர்ல வளர்ந்தவன், இதையா மறப்பான்? எழுதிக்கிட்டீங்களா?"

எழுதிக்கொண்டார். இந்தப் பொம்பளைக்கு என்ன வந்துவிட்டது என்று மனசுக்குள் ஒரு குடைச்சல். காபிக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

காரில் உட்கார்ந்ததும் கோல்பி ஆடும் டீமின் கோச் மர்வினுக்கு போன் போட்டார். விஷயத்தைக் கேட்டு மர்வின் சிரித்தான்.

"அவ பேச்சையெல்லாம் எடுத்துக்காதீங்க சார். புருஷன் போய்ச் சேர்ந்து எட்டு மாசம் ஆச்சு. இவனும் போயிட்டா வீட்ல அவளும் பூனையும்தான். அதான் பையனை மட்டம் தட்டி இங்கயே நிறுத்திக்கப் பாக்கறா."

சரிதான், இதுதான் சங்கதி. ஓரெஸ்ட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தனக்குத் துணை வேண்டும் என்று ஒரு பையன் சோற்றில் மண்ணைப் போடலாமா? இவளைப் போய் நல்லவள் என்று நம்பினோமே.

பேனாவை எடுத்தார். அவள் சொன்னதை ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தார்.

தூக்கம், மூன்று வாரமாக. அடித்தார்.

வெளிச்சம் ஆகவில்லை. அடித்தார்.

சத்தம் ஆகவில்லை. சாப்பாடு இறங்கவில்லை, மூன்று வாரமாக. மறதி.

பேனா நின்றது.

அதென்ன, தூக்கத்துக்கும் மூன்று வாரம், சாப்பாட்டுக்கும் மூன்று வாரம்? ரெண்டு வருஷமாகக் கூடவே இருக்கிற பையனுக்கு, திடீரென்று ஒரே நாளில் இத்தனை கெட்ட பழக்கமா வரும்?

நோட்டைப் பின்பக்கமாகப் புரட்டினார். சரியாக மூன்று வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை ஆட்டம். அவருடைய கையெழுத்தேதான்: 'மைதானத்து ஓரப் பலகையில் தலை மோதி விழுந்தான். சிரித்துக்கொண்டே எழுந்தான். அப்புறம் இரண்டு கோல். இரும்புப் பயல். தயார்.' பக்கத்தில் பெரிதாக ஒரு நட்சத்திரம் வேறு போட்டிருந்தார்.

டார்லீன் சொன்னதெல்லாம் கெட்ட பழக்கமில்லை, மூளையில் அடிபட்டதன் அறிகுறி. தலையில் இன்னொரு அடி விழுந்தால் பையன் பிழைப்பானா?

காரை அணைக்காமலே இறங்கி ஓடினார். கதவைத் தட்டக்கூட வேண்டியிருக்கவில்லை. டார்லீன் அங்கேயேதான் நின்றிருந்தாள்.

"அவன் தலையில..."

"அதைப் பத்தி யார்கிட்டயும் வாயத் திறக்க மாட்டேன்னு அவனுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்" என்றாள். "வெளிய தெரிஞ்சா ஆட விடமாட்டாங்கன்னு என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதான். நான் சத்தியத்த மீறல. அவன் கேட்டா நீங்களும் அதைத்தான் சொல்லணும்."

ஓரெஸ்ட் தலையை ஆட்டினார். போனை எடுத்து டாக்டர் நம்பரைத் தேடினார்.

அவள் பார்வை அவர் கையிலிருந்த நோட்டிலேயே இருந்தது.

"ஒண்ணுகூட விடாம எழுதிக்கிட்டீங்கல்ல?"